தீவாந்திரத்திலிருந்து வாடகைச் சிறை வரை

சிறையில் இடமில்லை, என்ன செய்யலாம்? கடந்த பதினைந்து ஆண்டுகளாக ஐரோப்பாவின் சில அரசுகள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கின்றன: பக்கத்து நாட்டில் காலியாகக் கிடக்கும் சிறையை வாடகைக்கு எடு, கைதிகளை அங்கே அனுப்பு. பெல்ஜியம் செய்தது, நார்வே செய்தது. டென்மார்க் கொசோவோவோடும், சுவீடன் எஸ்டோனியாவோடும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. பிரிட்டனின் நீதித்துறை அமைச்சராக இருந்த அலெக்ஸ் சாக் 2023 அக்டோபரில் தன் கட்சி மாநாட்டிலேயே இதை அறிவித்தார்.

நம் வாசிப்பு வட்டத்தில் இது பேச்சுக்கு வந்தபோது ஒரு தோழர் கேட்டார்: "நம்ம ஊரு ஜெயிலைவிட அங்க நல்லாத்தான இருக்கும்? அனுப்பினா என்ன தப்பு?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியது அல்ல. சிறைவாசிகளின் குடும்பங்களோடு வேலை செய்கிற நமக்கு, ஒரு ஆள் ஒன்றரை அடி அகலத்தில் ஒருக்களித்துப் படுக்கிற அறைகளைப் பற்றித் தெரியும். அப்படிப்பட்ட அறையிலிருந்து ஒருவரை வெளியே எடுக்கிற எந்தத் திட்டத்தையும் 'வேண்டாம்' என்று சொல்வதற்கு முன் நாம் நிறைய யோசிக்க வேண்டும். அந்த யோசனைக்குத்தான் இந்த வரலாறு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். 'சிறையில் இடமில்லை, வெளிநாட்டுக்கு அனுப்பு' என்பது புதிய யோசனையே அல்ல. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இதற்குத் தமிழில் ஒரு சொல்லே இருந்தது. தீவாந்திரம்.

1718இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. திருட்டு போன்ற குற்றங்களுக்கு ஏழு ஆண்டு, பதினான்கு ஆண்டு என்று கைதிகளைக் கடல் கடத்தலாம் என்றது அது. அடுத்த அறுபது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 50,000 பேர் அமெரிக்கக் காலனிகளுக்குப் போனார்கள். பெரும்பாலானோர் இறங்கியது வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும். கப்பலில் ஏற்றிச் சென்ற வணிகர்கள், தண்டனைக் காலம் முடியும்வரை அவர்களின் உழைப்பைத் தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். அரசுக்குச் சிறை கட்டும் செலவு மிச்சம், வணிகருக்கு லாபம், தோட்டக்காரருக்குக் கூலியில்லாத ஆள். யாருக்கும் நட்டமில்லை, விற்கப்பட்டவரைத் தவிர.

1775இல் அமெரிக்கா போர் தொடுத்ததும் அந்த வழி அடைபட்டது. நீதிமன்றங்களோ வழக்கம்போலத் தண்டனை விதித்துக்கொண்டிருந்தன. சிறைகள் நிரம்பின. தண்டனையைக் குறைக்கலாமா, ரொட்டித் திருடனைச் சிறைக்கு அனுப்பத்தான் வேண்டுமா என்ற கேள்வி வர வேண்டிய இடம் அது. வந்த தீர்வு வேறு. கடலுக்குத் தகுதியிழந்த பழைய கப்பல்களைத் தேம்ஸ் நதியில் வுல்விச் பக்கம் நிறுத்தி, அதற்குள் ஆட்களை அடைத்தார்கள். ஒப்பந்தம் எடுத்தவர் டங்கன் கேம்ப்பெல். முன்பு அமெரிக்காவுக்குக் கைதிகளை ஏற்றிச் சென்ற அதே வணிகர்தான். முதல் இருபது மாதங்களில், அடைக்கப்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் செத்துப்போனார்கள். 1776இல் அந்தச் சட்டம் இரண்டே ஆண்டுகளுக்கான தற்காலிக ஏற்பாடு என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது. மிதக்கும் சிறைகள் 1857 வரை இருந்தன. சிறை நிர்வாகத்தில் 'தற்காலிகம்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இந்த எண்பது ஆண்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகுதான் ஆஸ்திரேலியா. 1787இல் புறப்பட்ட பதினொரு கப்பல்கள் 1788 ஜனவரியில் போய்ச் சேர்ந்தன. 1868இல் கடைசிக் கப்பல் போய் நிற்கும்வரை 1,60,000க்கும் மேற்பட்டவர்கள் அங்கே கொண்டுபோய் விடப்பட்டார்கள். லண்டனில் இருந்தவர்களுக்கு அது 'காலி இடம்'. பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்த மக்களின் நிலமும் நீரும் உயிரும் போனது இப்படித்தான். ஒரு நாட்டில் 'இடமில்லை' என்று ஏழைகளை வெளியேற்றினால், இன்னொரு நாட்டு ஏழைகள் தங்கள் இடத்தை இழக்கிறார்கள்.

நம் கதை

அதே 1787இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியக் கைதிகளைச் சுமத்ராவின் பென்கூலனுக்கு அனுப்பத் தொடங்கியது. 1790இல் பினாங்கு. 1815இலிருந்து மொரீஷியஸ். 1825இல் பென்கூலனை டச்சுக்காரர்களிடம் கொடுத்துவிட்டுப் போனபோது, அங்கிருந்த கைதிகளைச் சிங்கப்பூருக்கு மாற்றினார்கள். அந்த ஏப்ரலில் முதலில் வந்து இறங்கியவர்கள் சென்னை மாகாணத்துக் கைதிகள்.

தீவாந்திரம் என்றதும் பாளையக்காரர் போரும் 1802இல் பினாங்குக்கு அனுப்பப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்களும்தான் நம் நினைவுக்கு வருவார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியின் பெயரைப் பாடப்புத்தகம் படித்த பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் அவர்களுக்குப் பின்னால் எழுபது ஆண்டுகள் கப்பல் கப்பலாகப் போனவர்கள் யார்? மாடு திருடியவர், கொள்ளைக் கூட்டத்தில் இருந்ததாகச் சொல்லப்பட்டவர், சண்டையில் ஆளைக் கொன்றவர், பஞ்சத்தில் தானியக் கிடங்கை உடைத்தவர். அவர்களுக்குச் சிலை இல்லை, குருபூஜை இல்லை. சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ பேராலயமும் இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவும் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தவை. காட்டை வெட்டினார்கள், சதுப்பு நிலத்தை மேடாக்கினார்கள், சாலை போட்டார்கள். 1873இல் அந்தக் கைதிக் குடியேற்றம் மூடப்பட்டது. சிலர் திரும்பி வந்தார்கள், பலர் அங்கேயே குடும்பமாகிக் கரைந்தார்கள்.

ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் பச்சை குத்தும் வழக்கமும் அன்று இருந்தது. வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும், பெயரும் குற்றமும் நெற்றியில் எழுத்தாகக் குத்தப்பட்டன. 1849இல்தான் கைவிட்டார்கள். உடம்பிலேயே அடையாளத்தை எழுதி, பார்த்தவுடன் ஒதுங்கச் செய்வது எங்கிருந்து வந்த சிந்தனை என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ்காரனிடமும் சூடு போடும் பழக்கம் இருந்தது, இங்கேயும் இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று நன்றாகவே பொருந்திப் போயின.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். 'காலாபானி', கறுப்புத் தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும், அதனால் இந்தியனுக்குத் தூக்கைவிடத் தீவாந்திரமே பயங்கரம் என்று கம்பெனி அதிகாரிகள் நம்பினார்கள். மெக்காலே இடம்பெற்றிருந்த சிறை ஒழுங்குக் குழு 1838இல் தந்த அறிக்கையும் இந்தியர்களின் கடல் அச்சத்தைப் பற்றிப் பேசியது. யாருடைய அச்சம் அது? சாதி போய்விடும் என்று பயப்பட, போவதற்கு ஒரு சாதிப் பெருமை இருக்க வேண்டுமே. சேரியிலிருந்தும் பள்ளத் தெருவிலிருந்தும் இலங்கைக்கும் பினாங்குக்கும் மொரீஷியஸுக்கும் அதே நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானோர் கூலிகளாகக் கடல் தாண்டினார்கள். கடல் அவர்களைத் தீட்டாக்கவில்லை. தீட்டு என்ற பெயரால் ஊர்தான் அவர்களை முன்பே வெளியே வைத்திருந்தது. தீவாந்திரம் போன ஒடுக்கப்பட்ட சாதிக் கைதி இழந்தது தாயை, பெண்டாட்டியை, பிள்ளையை. அந்த இழப்பு எந்த அறிக்கையிலும் 'இந்திய மனநிலை'யாகப் பதிவாகவில்லை. இந்தியத் தண்டனை முறை, ஒரு குறிப்பிட்ட சாதியின் பயத்தை அளவுகோலாக வைத்துச் செதுக்கப்பட்டது என்பது நம் கருத்து. சிறைக்குள் யார் சமைக்கலாம், யார் மலம் அள்ள வேண்டும் என்று பின்னாளில் எழுதப்பட்ட சிறைக் கையேடுகளிலும் அதே அளவுகோல்தான்.

1857 எழுச்சிக்குப் பிறகு சிறைகள் மீண்டும் நிரம்பின. 1858 மார்ச்சில் 200 கைதிகளோடு அந்தமான் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது. செல்லுலார் சிறை கட்டும் வேலை 1896இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்தது. ஏறத்தாழ 700 தனியறைகள். அங்கே அடைபட்ட அரசியல் கைதிகள் நினைவுக் குறிப்புகள் எழுதினார்கள், அதனால் அவர்களின் துன்பம் நமக்குத் தெரியும். அந்தக் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்த கைதிகள் எழுதவில்லை. மலபாரில் 1921 எழுச்சிக்குப் பின் மாப்பிள்ளைகள் அனுப்பப்பட்டார்கள். 1920களில் வட இந்தியாவின் பாந்து மக்கள், குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்கள், குடும்பம் குடும்பமாக அங்கே குடியேற்றப்பட்டார்கள்.

தீவு போதாதபோது உள்நாட்டிலேயே தீவுகளைச் செய்தார்கள். 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 திருத்தத்தோடு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். அந்தச் சட்டத்தின் பட்டியலில் வேப்பூர்ப் பறையர்களும் இருந்தார்கள் என்பதையும், தென்னார்க்காட்டின் அசீஸ்நகர் குடியிருப்பில் வைக்கப்பட்டவர்களில் அவர்களும் உண்டு என்பதையும் நம் இளைஞர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? குற்றம் செய்ததற்காக அல்ல, பிறந்ததற்காக ஒரு வேலிக்குள்.

பிச்சைக்காரர்களின் ஊர்

இனி ஐரோப்பாவின் வாடகைச் சிறைக்கு வருவோம். நார்வே வாடகைக்கு எடுத்த நோர்கர்ஹாவன் சிறை இருப்பது நெதர்லாந்தின் வடகிழக்கில், ஃபேன்ஹாய்சன் என்னும் சிற்றூரில். அந்த ஊரின் கதையைச் சொல்லாமல் 2015இன் கதையைச் சொல்ல முடியாது.

நெப்போலியன் போர்களுக்குப் பின் நெதர்லாந்தில் வறுமை தலைவிரித்தாடியது. 1818இல் யோஹன்னஸ் வான் டென் பாஷ் என்ற ராணுவ அதிகாரி 'நல்லெண்ணச் சங்கம்' என்ற ஒன்றைத் தொடங்கினார். நகரத்து ஏழைகளைத் தரிசு நிலத்துக்குக் கொண்டுபோய் விவசாயம் செய்யவைத்து, ஒழுக்கமுள்ளவர்களாக மாற்றுவது அதன் நோக்கம். முதலில் விருப்பப்பட்டு வந்தவர்களுக்கான காலனிகள். பிறகு 1823 முதல் ஃபேன்ஹாய்சனில் விருப்பம் கேட்கப்படாதவர்களுக்கான காலனி: பிச்சை எடுத்துப் பிடிபட்டவர்கள், ஊர் ஊராகத் திரிந்தவர்கள், நகரத்து அனாதை இல்லங்களின் குழந்தைகள். காலனிக்குள் மட்டும் செல்லும் தனிப் பணம் அச்சடித்தார்கள். அதை வைத்துக்கொண்டு வெளியே ஒரு ரொட்டி வாங்க முடியாது, ஓடவும் முடியாது. 1859இல் அரசு அதை எடுத்துக்கொண்டது, பிறகு அது முழுச் சிறை வளாகமானது. ஊழியர் வீடுகளுக்கும் கட்டடங்களுக்கும் நீதிமொழிகளையே பெயராக வைத்தார்கள். 'அறிவே ஆற்றல்', 'ஒழுங்கும் கட்டுப்பாடும்', மருந்தகத்துக்குக் 'கசப்பும் இனிப்பும்'. பெயர்ப் பலகைகள் இன்றும் இருக்கின்றன. 2021இல் யுனெஸ்கோ அந்தக் காலனிகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அந்த வான் டென் பாஷ் என்ன ஆனார்? 1830இல் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குத் தலைமை ஆளுநராகப் போனார். ஜாவா கிராமங்கள் தங்கள் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதிப் பயிருக்கு ஒதுக்க வேண்டும் என்ற 'சாகுபடி முறை'யைக் கொண்டுவந்தவர் அவர்தான். காபி, கரும்பு, அவுரி. உள்நாட்டு ஏழைகளைத் 'திருத்த' வேலை வாங்கிய அதே கை, ஜாவா விவசாயியையும் 'முன்னேற்ற' வேலை வாங்கியது. சோம்பேறி ஏழை, சோம்பேறி ஜாவாக்காரன், குற்றப் பரம்பரை. மூன்றும் ஒரே அகராதியின் சொற்கள்.

இந்த ஊருக்குத்தான் 2015 செப்டம்பரில் நார்வே கைதிகள் வந்தார்கள்.

நார்வேயின் சிக்கல் நம்முடையது போன்றதல்ல. அங்கே ஓர் அறையில் ஒருவர்தான் என்ற கொள்கை. இடமில்லையென்றால் திணிப்பதில்லை. தண்டனை பெற்றவர் வீட்டிலேயே காத்திருப்பார், இடம் காலியானதும் அழைப்பு வரும். 2015 வாக்கில் அப்படிக் காத்திருந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். (நம் வாய்தாக்களோடு ஒப்பிட்டுப் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.) நெதர்லாந்திலோ நேர்மாறு. பதிவாகும் குற்றங்கள் குறைந்தன. நீதிமன்றங்கள் சமூகச் சேவைத் தண்டனையையும் மின்னணுக் கண்காணிப்பையும் பயன்படுத்தின. பத்தாண்டுகளில் சிறைவாசிகளின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாகியது. சிறைகளை மூட வேண்டிய நிலை. மூடினால் ஊழியர்களுக்கு வேலை போகும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 2010இல் தில்பர்க் சிறையைப் பெல்ஜியத்துக்கு வாடகைக்கு விட்டு ஏற்கெனவே பழகியிருந்தார்கள். நார்வேக்கு 242 இடங்கள், ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி யூரோ, மூன்று ஆண்டு ஒப்பந்தம்.

சிறைத் தலைவர் நார்வேக்காரர், காவலர்கள் டச்சுக்காரர்கள். தண்டனை நடப்பது நார்வே சட்டப்படி, மருத்துவம் டச்சு முறைப்படி. பெரிய பசுமையான முற்றம், மரங்கள், பழகுவதற்கு இறுக்கமில்லாத ஊழியர்கள். நீண்ட தண்டனைக்காரர்களில் சிலர் இங்கே இருப்பதே மேல் என்று விரும்பியே வந்தார்கள். இதை மறைக்கக் கூடாது. நம் தோழரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.

ஆனால் விரும்பி வந்தவர்கள் போதவில்லை. வாடகை கொடுத்த இடத்தை நிரப்ப வேண்டுமே. விருப்பமில்லாதவர்களையும் அனுப்பினார்கள். யாரை அனுப்புவது சுலபம்? அடிக்கடி பார்க்கவரும் குடும்பம் இல்லாதவரை, தண்டனை முடிந்ததும் நாட்டைவிட்டு வெளியேற்றப்படப் போகிற வெளிநாட்டவரை. போகப்போக அங்கே நார்வே குடியுரிமை இல்லாதவர்கள் ஏராளமாக இருந்தார்கள். குடும்பத்தோடு பேச ஸ்கைப்.

நார்வேயின் சிறை முறையில் நாம் படிக்க வேண்டிய ஒன்று உண்டு. சிறைக்கென்று தனி ஆசிரியர், தனி மருத்துவர், தனி வேலைவாய்ப்பு அதிகாரி என்று வைப்பதில்லை. வெளியே ஊர் மக்களுக்குச் சேவை செய்கிற அதே பள்ளியும் சுகாதாரத் துறையும் நூலகமும் சிறைக்குள்ளும் வரும். சிறைவாசி இன்னும் அந்த ஊரின் குடிமகன்தான் என்பதே அதன் பொருள். எல்லை தாண்டியதும் இந்தச் சங்கிலி அறுந்துபோகிறது. ஊர்ப் பள்ளிக்கூடம் இன்னொரு நாட்டுக்கு எப்படி வரும்?

அதைவிடப் பெரிய கேள்வியை எழுப்பியது நார்வே நாடாளுமன்றத்தின் குறைகேட்பு அதிகாரி அலுவலகம். 2016இல் நோர்கர்ஹாவனைப் பார்வையிட்ட அந்த அலுவலகம், அங்கே சிறைவாசி ஒருவர் சித்திரவதைக்கோ இழிவான நடத்தைக்கோ ஆளானால் அதை நார்வே விசாரிக்க முடியாது, அந்த அதிகாரம் டச்சு அரசிடம் இருக்கிறது, ஆகவே நார்வே தன் கடமையைப் போதுமான அளவுக்கு உறுதிசெய்யவில்லை என்று சொன்னது. தண்டனையை அனுப்ப முடிகிறது, பொறுப்பைச் சேர்த்து அனுப்ப முடியவில்லை. நம் ஊரில் காவல் மரண வழக்கு நடத்தியவர்களுக்கு இதன் கனம் புரியும். ஒரே மாநிலத்துக்குள், ஒரே சட்டத்தின் கீழ், யார் பொறுப்பு என்று நிறுவவே ஆண்டுகள் ஓடுகின்றன.

2018இல் நார்வே ஒப்பந்தத்தைத் தொடரவில்லை. காத்திருப்போர் வரிசை கரைந்துவிட்டது. பெல்ஜியம் 2016இலேயே தில்பர்க்கை விட்டுப் போயிருந்தது, பெல்ஜியச் சிறைகளின் நெரிசல் மட்டும் தீரவில்லை. இன்னொரு வேடிக்கை, இப்போது நெதர்லாந்திலேயே அறைப் பற்றாக்குறை. மூடிய சிறைகளையும் வேலையை விட்டுப் போன காவலர்களையும் திரும்பக் கொண்டுவருவது அவ்வளவு சுலபமாக இல்லை.

பின்னால் வந்த ஒப்பந்தங்களில் அந்த நார்வே நாசூக்குகூட இல்லை. டென்மார்க் 2022இல் கொசோவோவின் ஜிலான் சிறையில் 300 இடங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. யாருக்கு என்பதைத் தயக்கமில்லாமல் எழுதிவிட்டார்கள்: நாடு கடத்தப்பட இருக்கிற வெளிநாட்டவர்களுக்கு. டேனிஷ் குடிமகன் எவரும் போகமாட்டார். சுவீடன் 2025 ஜூனில் எஸ்டோனியாவின் தார்த்து சிறையில் 600 பேர் வரை வைக்க ஒப்பந்தம் செய்தது. ஒரு கைதிக்கு ஆகும் செலவு உள்நாட்டைவிடக் குறைவு என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்ட காரணம். அதே 2025 மார்ச்சில் அமெரிக்கா 200க்கும் மேற்பட்ட வெனிசுவேலா நாட்டவரை எல் சால்வடோரின் பெருஞ்சிறைக்குப் பணம் கொடுத்து அனுப்பியது. அவர்களில் பலருக்கு எந்த நீதிமன்றமும் தண்டனை விதித்திருக்கவில்லை. வாடகைச் சிறை என்ற யோசனை, பத்தே ஆண்டுகளில், 'விருப்பமுள்ளவர்களுக்கு' என்பதிலிருந்து இங்கே வந்து நிற்கிறது.

இதற்கு நேரெதிரான ஒரு சட்டமும் உண்டு. வெளிநாட்டில் தண்டனை பெற்றவர் தன் சொந்த நாட்டுக்கு வந்து மீதித் தண்டனையைக் கழிக்க வழிசெய்யும் சட்டம். இந்தியாவில் 2003இல் இயற்றப்பட்டது. சிறைவாசியின் சம்மதம் அதன் அடிப்படை, குடும்பத்துக்கு அருகில் இருப்பது அதன் நோக்கம். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கைதி இடம் மாறுவது தன்னளவில் தவறில்லை. யார் கேட்டு, யாருக்காக, எந்தத் திசையில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் கணக்கு

இந்தியா சிறையை வாடகைக்கு எடுக்கப் போவதில்லை. ஆனால் தூரத்தைத் தண்டனையாக்குவது நமக்குப் புதிதா? 2019 ஆகஸ்டுக்குப் பிறகு காஷ்மீரில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர்களில் பலர் உத்தரப் பிரதேசச் சிறைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மகனைப் பார்க்க ஒரு தாய் மொழி தெரியாத மாநிலத்துக்கு ரயில் ஏற வேண்டும் என்றால், அது உள்நாடா வெளிநாடா? நம் மாநிலத்துக்குள்ளேயே, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் மாறி மாறி வந்து, மனு போட்டு, வலைக்கு அப்பால் சில நிமிடம் கத்திப் பேசிவிட்டுத் திரும்புகிற பெண்களுக்கு முந்நூறு கிலோமீட்டரே தீவாந்திரம்தான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். நாட்டின் சிறைகளில் இருக்கும் இடம் 4,36,266. அடைக்கப்பட்டிருந்தவர்கள் 5,73,220. நூறு பேர் இடத்தில் 131 பேர். இவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இந்த எண்ணை இடத்தின் எண்ணோடு வைத்துப் பாருங்கள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்களால் மட்டுமே இந்தியச் சிறைகள் கிட்டத்தட்ட முழுசாக நிரம்பியிருக்கின்றன. தண்டனை பெற்றவர்கள் அதற்கு மேல்தான் ஏறி நிற்கிறார்கள். அந்த விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நம் பங்கு 16.6 விழுக்காடு. பழங்குடியினரும் இஸ்லாமியரும்கூட மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாகவே உள்ளே இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் சராசரி நெரிசல் அந்த அளவுக்கு இல்லை என்பார்கள். உண்மைதான். இங்கே வேறொரு வழி திறந்திருக்கிறது. 1982இன் குண்டர் சட்டத்தின் கீழ், வழக்கு விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைக்கலாம். தடுப்புக் காவல் கைதிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசையில் இருந்து வருகிறது. அவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்பதை அறியப் பெரிய ஆய்வு வேண்டியதில்லை, ஒருமுறை மனுநாளில் சிறை வாசலில் நின்றால் போதும்.

உள்ளே போனால் அங்கும் ஊரும் சேரியும். பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சாதிவாரியாகத் தனித்தனித் தொகுதி. சாதி மோதலைத் தவிர்க்கத்தான் என்ற விளக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஒருமுறை ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நியாயத்தை ஏற்க மறுத்தது. சாதி பார்த்து வேலை கொடுக்கும் சிறைக் கையேட்டு விதிகளை அரசியலமைப்புக்கு எதிரானவை என்று ரத்து செய்தது, பதினேழாவது பிரிவையும் சுட்டிக்காட்டித்தான். சிறைப் பதிவேடுகளில் இருக்கும் சாதிக் கட்டத்தை நீக்கவும் உத்தரவிட்டது. அண்ணல் அம்பேத்கர் தீண்டாமை ஒழிப்பை எழுதிவைத்து எழுபது ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் பிரிவு சிறைக் கதவைத் தட்டியிருக்கிறது.

ஆக, தோழரின் கேள்விக்கு நம் பதில்: அங்கே அறை நன்றாக இருக்கலாம். ஆனால் முதலில் கப்பலேற்றப்படுகிறவர் யார் என்பது எல்லாக் காலத்திலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது. லண்டன் தெருவின் ஏழை, சென்னை மாகாணத்துக் கூலி, டச்சு நகரத்துப் பிச்சைக்காரர், ஒஸ்லோவின் வெளிநாட்டவர். நாளை இந்தியாவில் அப்படி ஒரு பட்டியல் தயாரானால் அதில் யார் பெயர் மேலே இருக்கும் என்று நமக்குத் தெரியும். நெதர்லாந்திடமிருந்து கற்க வேண்டியது இருக்கிறது. அது சிறையை வாடகைக்கு விட்ட சாமர்த்தியம் அல்ல, காலியாக்கிய விதம்.

காலியாக்க நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், தாங்கள் பெற்றிருக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட நீண்ட காலம் பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆவது பிரிவு, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் பிணைப்பத்திரத்தில் விடுவிக்கச் சொல்கிறது. மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று அந்த ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. தகுதியானவரின் பெயரை நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் பொறுப்பு.

அந்த 'ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு' என்ற வரியைக் கவனியுங்கள். ஒரே சம்பவத்துக்கு இரண்டு மூன்று வழக்கு போடுவது நம் தெருக்களில் எவ்வளவு சாதாரணம் என்பது உங்களுக்குத் தெரியும். ஜாமீன் கிடைத்தும் சூரிட்டி கொடுக்க ஆளில்லாமல், சொத்து ரசீது இல்லாமல் உள்ளேயே இருப்பவர்கள் தனி. மாவட்டந்தோறும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு இருக்கிறது, மாவட்ட நீதிபதி தலைமையில். சட்டம் படிக்கும் தோழர்கள் தங்கள் மாவட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது, 479இன் கீழ் எத்தனை பெயர் பரிந்துரைக்கப்பட்டது, எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதலாம். பத்து ரூபாய்க் கட்டணம். பதிலை நமக்கும் அனுப்புங்கள், மாவட்டவாரியாகத் தொகுத்து இங்கே வெளியிடுவோம்.